தமிழ்நாடு என்னும் பெயரும் நாமும்

முன்னுரை

நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் என்னைப் பணித்தனர். எதனைப் பற்றி எழுதுவது என்று எண்ணியிருந்தபோது, என் பள்ளியில் நிகழ்ந்த சிறு நிகழ்ச்சி ஒன்று நினைவிற்கு வந்தது. ஜூலை 18ஆம் நாள் தமிழ்நாடு நாளாகக் கொண்டாடப்படுகிறது. அதனை ஒட்டிய கட்டுரைப் போட்டிக்காக, நம் மாநிலம் பெயர் பெற்ற வரலாற்றை ஒன்பதாம் வகுப்பு மாணவர்க்குக் கூறிக்கொண்டிருந்தேன். பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, ஒரு மாநிலத்தின் பெயரையே மாற்ற முடியுமென்றால், எங்கள் காலனியின் பெயரையும் மாற்ற முடியுமா?" என்று வினவினாள். வகுப்பு நகைத்தது. எனக்கு நகைப்பு வரவில்லை. விடை கூறத் தொடங்குமுன் மணி அடித்துவிட்டது. அன்று கூறாது விட்ட விடையே இக்கட்டுரை.

பழம்பெயர்

'தமிழ்நாடு' என்பது அரசியல் கட்சிகள் அண்மையில் புனைந்த பெயர் என்று கருதுவோர் உளர். அக்கருத்துப் பொருந்தாது. சிலப்பதிகாரத்து வஞ்சிக் காண்டத்தில் 'தமிழ்நாடு' என்ற சொல்லாட்சியே உள்ளது. 'தமிழகம்' என்னும் சொல் அதனினும் முந்திய புறநானூற்றில் காணப்படுகிறது. கலிங்க மன்னன் காரவேலனின் அத்திகும்பாக் கல்வெட்டு, தமிழர் கூட்டணி ஒன்றைக் குறிப்பிடுகின்றது. பண்டைக் கிரேக்க நூல்களில் லிமிரிக்கே என்றும் தமிரிக்கா என்றும் காணப்படும் நிலப்பகுதி தமிழகமே என்பது ஆய்வாளர் துணிபு. ஆகவே தமிழகம், தமிழ்நாடு ஆகிய இரண்டுமே பழம்பெயர்களாம். ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்துவதற்கு இலக்கியச் சான்று இடந்தருவதில்லை.

எனினும் 'நாடு' என்ற சொல்லின் பண்டைப் பொருளை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். சோழர் காலத்தில் நாடு என்பது பல ஊர்கள் சேர்ந்த சிறு பிரிவு. தொண்டைமண்டலம் 24 கோட்டங்களாகப் பகுக்கப்பட்டிருந்தது. மயிலாப்பூர், கோடம்பாக்கம் முதலிய இன்றைய தென்சென்னைப் பகுதிகள் புலியூர்க் கோட்டத்துள் அடங்கியிருந்தன. கோட்டங்களுக்குள் நாடுகள் இருந்தன. அந்நாட்டின் காரியங்களை முடிவு செய்தோர் 'நாட்டார்' எனப்பட்டனர். நாட்டார் என்போர் நிலமுடையோர். ஏர் பிடித்தும் ஏரிக்கரை காத்தும் அந்நிலத்தை விளைவித்த நம் முன்னோர் நாட்டில் வாழ்ந்தனர்; ஆயினும் நாட்டார் அவையில் அவர்க்கு இருக்கை இல்லை. நாடு என்னும் சொல்லுக்குள் இப்படி ஒரு வரலாறும் உறைந்து கிடக்கின்றது என்பதை மறத்தலாகாது.

பிறர் இட்ட பெயர்

மயிலாப்பூர் மிகப் பழைய ஊர். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த தாலமி குறிப்பிடும் 'மலியர்பா' என்னும் துறை மயிலாப்பூரே என்பர். பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் அதனையொட்டிச் சாந்தோமில் குடியேறினர். இவற்றிற்கெல்லாம் பிற்பட்டதே மதராஸ். 1639ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22ஆம் நாள், தாமர்ல வேங்கடாத்திரி நாயக்கரிடமிருந்து கடற்கரை நிலப்பகுதி ஒன்றை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் பெற்றனர். பிரான்சிஸ் டே, ஆண்ட்ரூ கோகன் என்போர் அதனை முன்னின்று முடித்தவர். அங்கே எழுந்ததே புனித ஜார்ஜ் கோட்டை. நாயக்கரின் தந்தை சென்னப்பர் பெயரால் சென்னப்பட்டணம் என்ற பெயர் வந்தது. அருகிருந்த மதராசப்பட்டணத்தின் பெயரை ஆங்கிலேயர் மதராஸ் என்று சுருக்கிக் கொண்டனர். மதராசப்பட்டணம் என்ற பெயர் எவ்வாறு வந்தது என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு.

ஒரு மீன்பிடி ஊரின் பெயர் கோட்டைக்கு வந்தது. கோட்டையிலிருந்து நகருக்கும், நகரிலிருந்து மாகாணத்திற்கும் பரவிற்று. வடக்கே கஞ்சம் முதல் தெற்கே திருநெல்வேலி வரை, தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், ஒரியா பேசிய மக்கள் அனைவரும் மதராஸ் மாகாணத்தார் ஆயினர். அம்மக்களுள் ஒருவரையும் கேட்டு இப்பெயர் இடப்பட்டதன்று.

பட்டப் பெயர்கள்

இடுபெயர் ஒருபுறமிருக்க, மாகாணத்திற்குப் பட்டப் பெயர்களும் வந்து சேர்ந்தன. வங்காளத்திலும் பம்பாயிலும் இருந்த ஆங்கிலேயர், மதராசை 'இருண்ட மாகாணம்' என்று எள்ளினர். தம்முள்ளும் ஒருவரையொருவர் கேலிப் பெயரால் அழைத்துக் கொண்டனர். பணியாளரை எந்நேரமும் 'கோயி ஹை' என்று கூவி அழைத்தமையால் வங்காளத்து ஆங்கிலேயர்க்குக் 'கோய்ஹை' என்பது பெயர். பம்பாயில் இருந்தோர், 'பம்பாய் வாத்து' எனப்பட்ட உலர்ந்த மீனின் பெயரால் 'வாத்துகள்' ஆயினர். மதராஸ் ஆங்கிலேயர் 'மல்' எனப்பட்டனர். 'மல்லிகட்டானி' என்னும் சாற்றின் சுருக்கம் அது. மல்லிகட்டானியாவது நம் மிளகுத் தண்ணீரே! இச்செய்தி 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் என்னும் அகராதியில் உள்ளது. நம் அடுக்களைச் சொல் ஒன்று ஆளவந்தோர்க்கே பட்டப் பெயர் ஆயிற்று.

விந்திய மலைக்கு வடக்கே, தென்னாட்டார் அனைவரையும் 'மதராசி' என்று ஒரே சொல்லில் அடக்கும் வழக்கம் மாகாணம் மறைந்த பின்னும் மறையவில்லை. கண்நோய் ஒன்றுக்கும் 'மெட்ராஸ் ஐ' என்று பெயர் நிலைத்துவிட்டது.

ஆசிரியன் என்ற முறையில் நான் மறவாத பட்டப் பெயர் ஒன்று உண்டு. அது 'மதராஸ் முறை' என்பதாம். 1789ஆம் ஆண்டு எழும்பூரில் இராணுவ ஆதரவற்றோர் பள்ளியின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், இந்நாட்டுப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதனைத் தம் பள்ளியில் கைக்கொண்டதோடு, மூத்த மாணவரைக் கொண்டே இளைய மாணவர்க்குப் பாடம் சொல்லித் தரச் செய்தார். 1797இல் அதனை இலண்டனில் நூலாக வெளியிட்டார். மதராஸ் முறை என்ற பெயரோடு அது இங்கிலாந்தெங்கும் பரவியது. ஸ்காத்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூசு நகரில் மதராஸ் கல்லூரி என்ற பெயருடன் ஒரு பள்ளி இன்றும் உள்ளது. நம் திண்ணைப் பள்ளியின் மணல் எழுத்து கடல் கடந்தது. ஆனால் அத்திண்ணையின் மீது நம் குலத்துப் பிள்ளைகள் ஏற இயலவில்லை. கடல் கடந்த பிள்ளைகளுக்குக் கிட்டிய மணல், அடுத்த தெருப் பிள்ளைகளுக்குக் கிட்டவில்லை.

நம்மவர் தேடிய பெயர்

மாநிலம் தன் பெயரைத் தேடத் தொடங்குமுன்பே, தம் பெயரைத் தாமே தேர்ந்து கொள்ளும் போராட்டத்தை நம் முன்னோர் தொடங்கிவிட்டனர். பள்ளிப் பாடநூல்களில் இதற்கு உரிய இடம் தரப்படாமையால் சற்று விரித்துரைக்கின்றேன்.

அயோத்திதாசப் பண்டிதர் 1845இல் பிறந்தவர். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். தம் ஆசிரியர்பால் கொண்ட மதிப்பினால் அவ்வாசிரியரின் பெயரையே தம் பெயராக்கிக் கொண்டார். 1881ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது, நம் மக்களை ஆதித்தமிழர் எனப் பதிவு செய்ய வேண்டும் என அவர் கோரினார் என்பர். 1880களிலேயே ஜான் இரத்தினம் அவர்கள் 'திராவிட பாண்டியன்' என்ற இதழை நடத்தினார். 1891இல் நீலகிரியில் அயோத்திதாசர் கூட்டிய திராவிட மகாஜன சபை மாநாட்டின் தீர்மானங்களுள், சாதிப் பெயரை இழிசொல்லாக வழங்குவோரைத் தண்டிக்கச் சட்டம் வேண்டும் என்பதும் ஒன்று. நம் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் வேண்டும் என்பதும் அவற்றுள் உண்டு. பெயரும் பள்ளியும் அன்றே சேர்த்துக் கேட்கப்பட்டன.

இரட்டைமலை சீனிவாசனார் வேறொரு வழி சென்றார். 1893இல் தாம் தொடங்கிய இதழுக்குப் 'பறையன்' என்றே பெயரிட்டார். எச்சொல்லைக் கூறி உலகம் நம்மைத் தாழ்த்திற்றோ, அச்சொல்லையே தலைப்பில் அச்சிட்டுத் தலைநிமிர்ந்தார். ஒருவர் அப்பெயர் வேண்டா என்றார். மற்றவர் அப்பெயரை ஏந்தியே போராடினார். இருவரும் நெருங்கிய உறவினர் என்பதும் குறிப்பிடத்தக்கது. வழி வேறாயினும், நம் பெயரை நாமே முடிவு செய்வோம் என்பதில் இருவரும் ஒன்றுபட்டனர்.

1907ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள், இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழைத் தொடங்கினார். ஓராண்டிற்குப் பின் அது 'தமிழன்' என்றாயிற்று. அந்நாளில் கோயில் தெருவில் நடக்கவும் பொதுக் கிணற்றில் நீர் முகக்கவும் தடுக்கப்பட்ட மக்கள், 'தமிழன்' என்ற பெயரைத் தம் இதழுக்கு இட்டுக்கொண்டனர். அரசு ஆவணங்களில் தமிழ்நாடு என்ற பெயர் ஏறியதற்கு 62 ஆண்டுகள் முற்பட்ட செய்தி இது.

அடுத்து எம்.சி. ராஜா அவர்கள். பரங்கிமலையில் பிறந்து, பள்ளி ஆசிரியராகப் பணி தொடங்கிச் சட்டமன்றம் புகுந்தவர். 1922ஆம் ஆண்டு ஜனவரியில், பஞ்சமர், பறையர் என்ற சொற்களை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கி, தமிழ் பேசுவோரை ஆதித்திராவிடர் எனவும் தெலுங்கு பேசுவோரை ஆதி ஆந்திரர் எனவும் வழங்கவேண்டும் என்று சட்டமன்றத்தில் தீர்மானம் கொணர்ந்தார். 1922 மார்ச் 25ஆம் நாள் அரசாணை பிறந்தது. அப்போது முதலமைச்சராக இருந்தவர் பனகல் அரசர். தியாகராயநகரில் உள்ள பனகல் பூங்கா அவர் பெயரால் அமைந்தது. ஏரியைத் தூர்த்து 1920களில் உருவான அந்நகரமே நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயர் தாங்கியது. பனகல் பூங்காவிற்குச் செல்லும் நம் இளைஞர்கள் இவ்வரசாணையையும் ஒருகணம் நினைவுகூர்தல் நன்று. 'ஆதித்திராவிடர்' என இன்று நம் சான்றிதழில் அச்சாகும் சொல், பள்ளி ஆசிரியர் ஒருவர் மன்றத்தில் எழுந்து நின்று பெற்றுத் தந்த சொல்லாகும்.

1930களில் காந்தியடிகள் 'அரிசன்' என்ற பெயரைப் பரப்பினார். நன்னோக்கத்துடன் இடப்பட்டதாயினும், அதுவும் பிறர் இட்ட பெயரே. அண்ணல் அம்பேத்கர் அதனை ஏற்கவில்லை.

தமிழ்நாடு ஆன வரலாறு

காங்கிரஸ் பேரியக்கம் 1920ஆம் ஆண்டு நாகபுரி மாநாட்டில் தன் மாகாணக் குழுக்களை மொழிவாரியாக அமைத்தது. அதன்படி இங்கே தோன்றியது 'தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி'. கட்சிக்கு அன்றே கிடைத்த பெயர் மாநிலத்திற்குக் கிடைக்க மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

நாடு விடுதலை பெற்றபின், ஆந்திர மாநிலம் வேண்டிப் பொட்டி ஸ்ரீராமுலு 1952 அக்டோபர் 19ஆம் நாள் உண்ணாநோன்பு தொடங்கினார். அவர் நோன்பிருந்த இல்லம் மயிலாப்பூரில் இராயப்பேட்டை நெடுஞ்சாலையில் உள்ளது. டிசம்பர் 15ஆம் நாள் இரவு அங்கேயே உயிர் நீத்தார். நம் மலரில் அவரைப் பற்றி மற்றொன்றும் கூறுதல் கடமை. 1946இல் நெல்லூரில் வேணுகோபாலசுவாமி கோயிலுள் நம் மக்கள் நுழைய வேண்டுமென்பதற்காகவும் அவர் உண்ணாநோன்பு இருந்தவர். 1953 அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தது. சென்னை நகரம் யாருக்கு என்ற பெரும் பூசலில், ம.பொ. சிவஞானம் முதலியோரின் போராட்டத்தால் நகரம் தமிழர்க்கே நிலைத்தது. 1956 நவம்பர் 1ஆம் நாள் மலபார் கேரளத்தோடும், தென் கன்னடம் மைசூரோடும் சேர்ந்தன. கன்னியாகுமரியும் செங்கோட்டையும் நம்மோடு இணைந்தன. எஞ்சிய மாநிலம் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் நிலமே ஆயிற்று. பெயர் மட்டும் பழைய மதராசாகவே நின்றது.

அப்பெயரை மாற்றக் கோரியவருள் உயிரையே ஈந்தவர் தியாகி சங்கரலிங்கனார். காந்திய நெறியில் நின்ற அவர், மாநிலத்திற்குத் தமிழ்நாடு எனப் பெயரிடுதல் உள்ளிட்ட 12 கோரிக்கைகளை முன்வைத்து, 1956 ஜூலை 27ஆம் நாள் விருதுநகரில் உண்ணாநோன்பு மேற்கொண்டார். 76 நாட்கள் கடந்து, அக்டோபர் 13ஆம் நாள் மதுரை மருத்துவமனையில் உயிர் துறந்தார்.

அதன்பின்னும் 1957இல் சட்டமன்றத்தில் வந்த தீர்மானம் தோல்வியுற்றது. 1961இல், தமிழில் எழுதும்போது தமிழ்நாடு எனவும் ஆங்கிலத்தில் மதராஸ் எனவும் வழங்கலாம் என அரசு இடைவழி ஒன்று கண்டது. வங்கத்தைச் சேர்ந்த கம்யூனிஸ்டுத் தலைவர் பூபேஷ் குப்தா, மாநிலங்களவையில் பெயர் மாற்ற மசோதா ஒன்றைக் கொணர்ந்தார். 1963இல் அதன்மீது அண்ணா உரையாற்றினார். பெயரை மாற்றுவதால் உங்களுக்குக் கிட்டுவது யாது என எதிர்த்தரப்பார் வினவினர். குடியரசுத் தலைவரை இராஷ்டிரபதி என்றும், நாடாளுமன்ற அவைகளை லோக்சபை, இராஜ்யசபை என்றும் மாற்றி வழங்குவதால் உங்களுக்குக் கிட்டியது யாது என்ற பொருள்பட அண்ணா திருப்பி வினவினார். மசோதா வீழ்ந்தது, வினா வீழவில்லை.

1967இல் அண்ணா முதலமைச்சரானார். ஜூலை 18ஆம் நாள் அவர் கொணர்ந்த பெயர் மாற்றத் தீர்மானம் சட்டமன்றத்தில் ஒருமனதாக நிறைவேறியது. பேரவைத் தலைவராக இருந்தவர் சி.பா. ஆதித்தனார். 'தமிழ்நாடு' என்று அண்ணா மும்முறை முழங்க, உறுப்பினர் அனைவரும் 'வாழ்க' என்று முழங்கினர். நாடாளுமன்றம் 1968இன் 53ஆம் சட்டமாக அதனை நிறைவேற்றியது. அவ்வாண்டு டிசம்பர் 1ஆம் நாள், பாலர் அரங்கத்தில் நடந்த விழாவிற்கு நோயுற்ற உடலோடு அண்ணா வந்திருந்தார். 1969 ஜனவரி 14ஆம் நாள், பொங்கல் திருநாளன்று, தமிழ்நாடு என்னும் பெயர் நடைமுறைக்கு வந்தது. அதற்கு இருபதாம் நாள், பிப்ரவரி 3ஆம் தேதி, அண்ணா மறைந்தார். தலைநகரின் பெயர் சென்னை என மாறியது 1996இல். உயர்நீதிமன்றமும், பல்கலைக்கழகமும், அடையாற்றை அடுத்த ஐ.ஐ.டி.யும் ஆங்கிலத்தில் மதராஸ் என்ற பெயரையே இன்னும் தாங்கியுள்ளன.

2023 ஜனவரியில், 'தமிழகம்' என்பதே பொருத்தமான சொல் என ஆளுநர் கூறியதும், மாநிலமெங்கும் எதிர்ப்பு எழுந்தது. பெயரை மாற்றச் சொன்னதாகக் கருத வேண்டா என அவர் பின்னர் விளக்கம் தந்தார். ஒரு பெயர் மக்கள் நெஞ்சில் எவ்வளவு ஆழமாக வேரூன்றும் என்பதற்கு இதுவே சான்று.

சேரியும் காலனியும் பள்ளியும்

இனி அம்மாணவியின் வினாவிற்கு வருவோம்.

'சேரி' என்பது தொடக்கத்தில் இழிசொல் அன்று. மக்கள் சேர்ந்து வாழும் இடம் சேரி. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், பிராமணர் வாழ்ந்த அவ்வூரில் 12 சேரிகள் இருந்தமையைக் காட்டுகின்றன. நம் வேளச்சேரியும் செம்மஞ்சேரியும் புதுச்சேரியும் அப்பழம்பொருளைத் தாங்கியே நிற்கின்றன. ஆயின் இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில் கம்மாணச்சேரி, ஈழச்சேரி, பறைச்சேரி என்பவற்றோடு தீண்டாச்சேரி என்ற சொல்லும் இடம் பெறுகின்றது. ஊர் வேறு, சேரி வேறு என்ற பிரிவு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் ஏறிவிட்டது. காலப்போக்கில் ஒரு நற்சொல் ஒரு சாரார்க்கு மட்டும் உரிய வசைச்சொல் ஆயிற்று.

அச்சொல்லின் இழிவைப் போக்கும் எண்ணத்தோடு, அரசு கட்டித் தந்த குடியிருப்புகளுக்குக் 'காலனி' என்று பெயர் வந்தது. தலைமுறை ஒன்று கழிவதற்குள் அதுவும் அதே இழிவைச் சுமந்தது. வசதியுள்ளோர் வாழும் காலனிகளும் இந்நகரில் பல உண்டு. அங்கே அச்சொல் எவரையும் சுடுவதில்லை. நான் உதவி ஆசிரியனாக இருந்த காலத்தில், சேர்க்கைப் படிவத்தில் கதவு எண்ணையும் அஞ்சல் எண்ணையும் ஒழுங்காக எழுதிவிட்டுத் தெருவின் பெயரை மட்டும் எழுதாது விட்ட மாணவன் ஒருவனைக் கண்டேன். காரணம் கேட்டேன், தலை குனிந்தான். நானும் அவ்வாறு தலை குனிந்த பிள்ளைதான் என்பதால் மேலும் கேட்கவில்லை. 2025 ஏப்ரல் 29ஆம் நாள், அரசு ஆவணங்களிலிருந்தும் பொது வழக்கிலிருந்தும் 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். அவ்வாண்டு ஜூலையில் அரசு விடுதிகள் 'சமூக நீதி விடுதிகள்' எனப் பெயர் பெற்றன.

பள்ளியின் கதையும் இத்தகையதே. கர்னல் ஆல்காட் 1894இல் அடையாற்றில் நம் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளி தொடங்கினார். மயிலாப்பூரிலும் பிற இடங்களிலும் பள்ளிகள் தொடர்ந்தன. அவை பஞ்சமர் பள்ளிகள் எனப்பட்டன. பின்னர்த் தொழிலாளர் துறையின் கீழ் வந்தவை 'லேபர் பள்ளிகள்' ஆயின. அடுத்து அரிசன நலப் பள்ளி. அதன்பின் ஆதிதிராவிடர் நலப் பள்ளி. 2024 ஜூனில் அறிக்கை அளித்த நீதியரசர் சந்துரு குழு, பள்ளிகளின் பெயரில் சாதிக் குறிப்பு இருத்தல் கூடாது எனப் பரிந்துரைத்தது. நன்றே. ஆயினும் ஓர் ஐயம் எழுகின்றது. பலகையில் பெயர் மாறிய பின், அப்பள்ளிக்கென ஒதுக்கப்பட்ட நிதியும், ஆசிரியர் பணியிடமும், விடுதிச் சோறும் குறையாமல் வந்து சேருமா? பெயர் மாறியும் பிள்ளையின் நிலை மாறாவிடின், புதுப்பெயரும் விரைவில் பழையதன் சுமையை ஏற்கும். சேரி காலனியான வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடம் அதுவே.

முடிவுரை

மகளே, உன் வினாவிற்கு என் விடை இதுதான். முடியும். மாநிலத்தின் பெயர் மாறுவதற்குத் தீர்மானம் மீண்டும் மீண்டும் தோற்க வேண்டியிருந்தது. ஒருவர் 76 நாள் பட்டினி கிடந்து மாள வேண்டியிருந்தது. நம் பெயருக்காக நம் முன்னோர் மேற்கொண்ட முயற்சி அதனினும் நீண்டது. அவர்கள் ஒவ்வொரு முறையும் பெயரோடு பள்ளியையும் கேட்டனர். நீயும் அவ்விரண்டையும் சேர்த்தே கேள்.

அயோத்திதாசருக்கும் இரட்டைமலை சீனிவாசனார்க்கும் கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் மணிமண்டபங்கள் உள்ளன. சைதாப்பேட்டையில் எம்.சி. ராஜா பெயரால் மாணவர் விடுதி உள்ளது. நம் சங்கத்துப் பெற்றோர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தம் பிள்ளைகளை இவ்விடங்களுக்கு அழைத்துச் சென்று, இவர்கள் யாவர் என்று எடுத்துரைக்க வேண்டுகிறேன். நாட்டார் அவையில் நமக்கு இடமில்லாத நாடு ஒன்று இருந்தது. இன்றைய தமிழ்நாட்டில் வாக்கும், பள்ளியும், மன்றமும் சட்டப்படி நமக்கும் உரியவை. அவ்வுரிமை ஏட்டளவில் நில்லாது வீட்டளவும் வந்து சேர, இருபத்தைந்து ஆண்டுகளாக மாலைநேர வகுப்பு நடத்தியும் நோட்டுப் புத்தகம் வழங்கியும் உழைத்துவரும் நம் சங்கம் பொன்விழாவும் காண்க! அன்றைய மலரில், இவ்வினாவை எழுப்பிய மாணவியே கட்டுரை எழுதுக! தன் முகவரியை முழுவதும் எழுதுக!